ரவானும் மோகனமும் ஒரு சாம்ப்ளரும்: மேடையில் லூப்பைச் சுருதி ஏற்றி அடுக்குவது எப்படி

சாம்ப்ளர் என்பது ஒலியைப் பதிந்து, பேட் என்ற பொத்தானைத் தட்டினால் திரும்ப ஒலிக்கும் கருவி; லூப் என்பது திரும்பத் திரும்ப ஓடும் சின்னப் பதிவு. அதில் ஒரு லூப்பைப் பதிந்து, சுருதியை ஏற்றி, அதை அதன் மேலேயே அடுக்குவது, கேட்பவர்களுக்குப் பெரிய வித்தை மாதிரி இருக்கும். கையில் வேலை அவ்வளவு இல்லை. கணக்குதான் கொஞ்சம் உண்டு. அதற்கு முன்னால் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்: சுருதி ஏறும்போது வேகமும் சேர்ந்து ஏறட்டுமா, வேண்டாமா? வேகத்தை அப்படியே வைத்துச் சுருதியை மட்டும் ஏற்றத்தான் பலர் சொல்லித் தருகிறார்கள். நான் எதிர்க்கட்சி. இரண்டும் சேர்ந்தே ஏறட்டும். தாளத்தோடு வளர்ந்த நமக்கு அதில்தான் ருசி இருக்கிறது.

நான் மொரிஷியஸ்காரி, ரோஸ் ஹில் ஊர். மோக்காவில் இருக்கும் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் கர்நாடக வாய்ப்பாட்டு படித்தேன். 5 கட்டைச் சுருதி. சனிக்கிழமைகளில் மேற்குக் கடற்கரை ஓட்டல்களில் ஒரு ரவான்காரரோடு சேர்ந்து பாடுகிறேன். வயதில் மூத்தவர், ஊர் வழக்கப்படி தோந்தோன் என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் மகன் மிக்சரைப் பார்த்துக்கொள்கிறான். தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் இருந்து படிப்பவர்களுக்காக: ரவான் என்பது ஆட்டுத்தோல் கட்டிய அகலமான வட்டப் பறை, ஆழம் குறைவு, ரொம்பப் பெரிய கஞ்சிரா என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் சேகா இசையின் அடித்தளமே அதுதான். 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பாரம்பரிய சேகாவில் ரவான், மராவான், முக்கோணம், குரல், அவ்வளவுதான். மராவான் என்பது உள்ளே விதை போட்டுக் குலுக்கும் தட்டைப் பெட்டி. தாளம் 6/8. நம் கணக்கில் திஸ்ர நடை, தட்டுக்கு மூன்று மாத்திரை. கீழே வரும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

என் கையில் இருப்பது ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2, 2021-இல் வந்த மாடல். உங்களிடம் எம்பிசி இருக்கலாம், வேறு ஏதாவது இருக்கலாம். மூன்று வேலை செய்தால் போதும்: மேடையிலேயே ஒரு பேடில் பதிய வேண்டும், பதிந்ததைச் சுருதி மாற்ற வேண்டும், ஓடிக்கொண்டிருப்பதை இன்னொரு பேடில் மறுபடி பதிய வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு ரீசாம்பிள் என்று பெயர். ஓவர்டப்பை அதை வைத்துத்தான் செய்யப்போகிறோம்.

லூப் பெடல் மிதித்துப் பழகியவர்களுக்கு ஓவர்டப் என்றால் அதே சுற்றின் மேல் மறுபடி பாடுவது. சுற்றின் நீளம் மாறாது, பாடியது பழையதோடு கலந்துவிடும். சாம்ப்ளரில் வழி வேறு. ஓடும் பேட்களின் கூட்டு ஒலியைக் காலியான ஒரு பேடில் பதிகிறோம். பழைய பேட்கள் தொடாமல் அப்படியே இருக்கும். புதிய அடுக்கு சரியில்லை என்றால் அதை விட்டுவிட்டுப் பழையதை அழுத்தினால் போதும், சபைக்கு ஒன்றும் தெரியாது.

முதலில் உங்கள் கருவி எந்த வகை என்று பாருங்கள்

மைக்கில் "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று சீராகச் சொல்லிப் பதியுங்கள். சுருதியை +12-க்கு ஏற்றி ஓட்டுங்கள். பாதி நேரத்தில் முடிந்தால் டேப் வகை. பழைய டேப் ரெக்கார்டரில் வேகத்தைக் கூட்டினால் குரல் கீச்சென்று ஆகுமே, அதே. நேரம் மாறாமல் குரல் மட்டும் கீச்சென்று ஆனால் டைம் ஸ்ட்ரெச் வகை. நிறைய கருவிகளில் இரண்டுமே உண்டு, எது வேண்டும் என்று மெனுவில் தேர்ந்துகொள்ளலாம்.

டைம் ஸ்ட்ரெச் ஒலியைப் பொடிப்பொடித் துண்டுகளாக வெட்டி, சில துண்டுகளைத் திரும்பத் திரும்ப ஒட்டி நேரத்தைச் சரிக்கட்டுகிறது. தம்பூராவுக்குப் பரவாயில்லை. தோல் வாத்தியத்துக்கு ஆகவே ஆகாது. கை தோலில் விழும் முதல் சில மில்லிசெகண்டில்தான் அடியின் உயிர் இருக்கிறது. ஸ்ட்ரெச் கை வைப்பதும் அங்கேதான். ஓர அடி 'டக்' என்று கேட்க வேண்டியது 'டரக்' என்று கேட்கும். டேப் முறையில் அடி சுருங்கும், மெலியும், ஆனால் அடியாகவே இருக்கும். அதனால் இனி சொல்வதெல்லாம் டேப் முறைக்கு.

கணக்கு

திரையில் காட்டும் ஒவ்வொரு +1-உம் ஒரு சுரஸ்தானம். ஒரு ஸ்தானம் ஏற்றினால் வேகம் 1.0595 மடங்கு ஆகும். +12 என்றால் மேல் ஸட்ஜம், சரியாக 2 மடங்கு. +7 என்றால் பஞ்சமம், 1.498 மடங்கு, அதாவது ஒன்றரை என்று சொல்லிவிடலாம். +5 என்றால் சுத்த மத்தியமம், 1.335 மடங்கு, கிட்டத்தட்ட நாலுக்கு மூன்று.

இந்தப் பஞ்சமம்தான் நம் ஆள். ஒன்றரை மடங்கு என்றால் மூன்றுக்கு இரண்டு. திஸ்ர நடைக்குள் இந்த விகிதம் எப்படி உட்காருகிறது என்று வாயாலேயே செய்து பார்த்துவிடலாம். காலில் இரண்டு தட்டு தட்டிக்கொண்டு "தகிட தகிட" என்று சொல்லுங்கள். ஆறு மாத்திரை. இப்போது காலை விடாமல், அதே ஆறு மாத்திரையை "தக தக தக" என்று கையில் தட்டுங்கள். கால் இரண்டு, கை மூன்று. ரவான் லூப்பை +7 ஏற்றினால், ஏற்றிய லூப்பின் தட்டு ஒவ்வொன்றும் அந்தக் கைத்தட்டு மேலேயே வந்து விழும்.

எண்ணில் சொன்னால்: நிமிடத்துக்கு 100 தட்டு, தட்டுக்கு ஒரு தகிட. ஒரு தட்டு 0.6 விநாடி, ஒரு மாத்திரை 0.2 விநாடி. ஒன்றரை மடங்கு வேகத்தில் 0.6 என்பது 0.4 ஆகிறது. 0.4 என்றால் பழைய கணக்கில் சரியாக இரண்டு மாத்திரை, ஒரு 'தக'. சேகாவில் முக்கோணக்காரர்கள் இந்த மூன்றுக்கு இரண்டை நினைத்தபோதெல்லாம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் ஏற்றிய லூப் எங்கிருந்தோ வந்து ஒட்டியதாகத் தெரியாமல், இன்னொரு ஆள் வந்து சேர்ந்துகொண்டதாகக் கேட்கிறது.

லூப்பின் நீளம் எட்டுத் தட்டு வையுங்கள், 4.8 விநாடி. ஏற்றியது 3.2 விநாடியில் முடியும். பழையது இரண்டு சுற்று, புதியது மூன்று சுற்று, 9.6 விநாடியில் இரண்டும் சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், சந்திக்கும். இந்த 9.6-ஐ நான் சந்திப்பு நீளம் என்பேன். மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

கருவிகள் பெரும்பாலும் நாலு நாலாகத்தான் எண்ணும். கவலைப்படாதீர்கள். 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 தட்டு) வைத்து, இரண்டு பார் பதியச் சொன்னால், பாருக்கு நாலு தட்டு என்பதால் அதுவே எட்டுத் தட்டு. ஒவ்வொரு தட்டுக்குள்ளும் மூன்று இருப்பது உங்கள் கைக்குத் தெரிந்தால் போதும், கருவிக்குத் தெரிய வேண்டியதில்லை. பேட்டர்ன் போடும்போது குவாண்டைஸை (அடிகளைக் கட்டத்துக்கு இழுத்து உட்காரவைக்கும் வசதி) மட்டும் டிரிப்லெட்டுக்கு, அதாவது தட்டுக்கு மூன்றுக்கு, மாற்றிக்கொள்ளுங்கள். நேர் பதினாறில், அதாவது தட்டுக்கு நாலில், விட்டால் சேகா செத்துப்போகும்.

டேப் முறையில் இன்னொரு சௌகரியம். தாளம் காட்டும் கிளிக் ஒலி வைத்துக்கொள்ளாமல், நிறுத்தும் பொத்தானைக் கையாலேயே அழுத்தி வெட்டுகிறீர்கள், 4.8-க்குப் பதில் 4.83-இல் வெட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றியது அந்த 4.83-இலிருந்தே பிறப்பதால் மூன்றுக்கு இரண்டு கெடாது. இரண்டும் சேர்ந்தே பிசகும். தோந்தோனுக்குக் காதில் கிளிக் போட்டால் பிடிக்காது, எனக்கும் இல்லாமலே சௌகரியம்.

அந்த இரண்டு சென்ட்

ஒத்திகையில் ஏற்றியதையும் ஏற்றாததையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டிருந்தேன். அண்ணன் மகன் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கேட்டான்: "அத்தை, ஆரம்பத்துல ஒட்டியிருந்துச்சு. இப்ப ஏன் ரெண்டு பேர் மாத்தி மாத்தி அடிக்கிற மாதிரி கேக்குது?"

பையனுக்குக் காது நல்ல காது. +7 என்பது 1.5 மடங்கு இல்லை, 1.4983. கருவி ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக வெட்டியிருக்கிறது. ஒரு சுரஸ்தானத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட். தம்பூராவில் தானாகப் பேசும் பஞ்சமம் 702 சென்ட். கருவி தருவது 700. காதுக்கு அந்த இரண்டு சென்ட் ஒரு பொருட்டே இல்லை. தாளத்துக்கு அப்படி விட முடியாது. 4.8 விநாடி லூப் 3.2-இல் முடியாமல் 3.2036-இல் முடிகிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் ஏற்றியது சுமார் 11 மில்லிசெகண்ட் பிந்துகிறது. ஒரு நிமிடம் ஓடினால் 68 மில்லிசெகண்ட். அரை நிமிடத்திலேயே ஒரே அடி இரண்டாகக் கேட்க ஆரம்பித்துவிடும்.

சுருதியைச் சென்ட் கணக்கில் திருத்த முடிகிற கருவி என்றால் இரண்டு சென்ட் கூட்டிவிடுங்கள். சுருதியும் சுத்தமாகும், தாளமும் ஒட்டிக்கொள்ளும். அந்த வசதி இல்லையா? ஒவ்வொரு சந்திப்பிலும் ஏற்றிய பேடைச் சமத்தில் மறுபடி தட்டி ஆரம்பிக்கலாம். ஒரு கை அதற்கே போய்விடும், அதுதான் குறை.

நான் செய்வது வேறு. இரண்டையும் சமத்தில் சேர்த்து ஓடவிட்டு, சந்திப்பு நீளமான 9.6 விநாடிக்கு ரீசாம்பிள் எடுத்துவிடுவேன். நாலாக எண்ணும் கருவிக்கு அது நாலு பார். அந்த ஒரு பேடுக்குள் பழையது இரண்டு சுற்றும் புதியது மூன்று சுற்றும் அடங்கிவிடுகிறது. கடைசியில் அந்த 11 மில்லிசெகண்ட் மட்டும் மிஞ்சும், அடுத்த சுற்றில் சமம் தானாகச் சரியாகிவிடும். பிசகு சேர்ந்துகொண்டே போக வழியே இல்லை. இரண்டு பேட்களையும் நிறுத்திவிடலாம், குரலுக்கு இடம் கிடைக்கிறது.

ரீசாம்பிளில் மைக்கும் சேருமா என்பது கருவிக்குக் கருவி மாறும். வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். அதோடு, ஒரு பேடில் புதிதாகப் பதிந்ததும் அதில் முன்பு வைத்திருந்த சுருதி அமைப்பு நிற்கிறதா, அழிகிறதா என்றும் பாருங்கள். அழிகிற கருவியில், பதிந்த ஒலியைப் பேட்களில் சுரவரிசையாகப் பரப்பும் முறை இருந்தால் அதுதான் வேகமான வழி. எம்பிசியில் 16 லெவல்ஸ் என்று இருப்பது அதுதான். ஏழு பேட் தள்ளித் தட்டினால் பஞ்சமம்.

குரலை ஏற்றும்போது ராகம் கெடாமல்

ரவானுக்கு ராகம் கிடையாது. குரலுக்கு உண்டு. நிறைய பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மோகனத்தை எடுத்துக்கொள்வோம்: ச ரி க ப த. ஒரு சின்ன வரியைப் பதிந்து +7 ஏற்றினால் ஒவ்வொரு சுரமும் பஞ்சமத்துக்கு மேலே போய் உட்காரும். ச போய் ப ஆகும். ரி போய் த ஆகும். ப போய் மேல் ரி ஆகும். த போய் மேல் க ஆகும். நாலும் மோகனத்திலேயே இருக்கின்றன, பிரச்சினை இல்லை. ஆனால் க போனால் காகலி நிஷாதம் ஆகிவிடும். மோகனத்தில் நி ஏது? ஒரே ஒரு காந்தாரம் போதும், சுருதி தெரிந்த யாராவது முன்வரிசையில் இருந்தால் முகம் சுளித்துவிடுவார்கள்.

அதனால் லூப்புக்குப் பாடும் வரியில் க-வைத் தவிர்த்துவிடுகிறேன். "ச ரி ப, த ப" என்று நிறுத்தி நிறுத்திப் பாடினால், ஏற்றியது "ப த ரி, க ரி" என்று மேலே வரும். காந்தாரம் ஏற்றிய குரலில் தானாகவே வந்துவிடுகிறது. அதற்கு மேல் நேரடியாகப் பாடும்போது க-வை ஆசைதீரப் பிடிக்கலாம். நான் பாடாத சுரம் என் குரலிலேயே மேலிருந்து வருவது எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

கமகம் வேண்டாம். லூப்பில் அசைத்துப் பாடினால் ஒன்றரை மடங்கு வேகத்தில் அது உதறலாகிவிடும். லூப்புக்குச் சுரங்களை நேராக, கொஞ்சம் மந்தமாகவே பாடுங்கள். கமகம் எல்லாம் மேலே நேரடியாகப் பாடும் குரலுக்கு.

ஏற்றிய குரல் குழந்தைக் குரலாகக் கேட்கும். சுருதியோடு வாயின், தொண்டையின் அதிர்வுத் தன்மையும் சேர்ந்து ஏறுவதால் அப்படி. ஓர் அடுக்கு, சத்தம் குறைத்து வைத்தால் அழகு. இரண்டு அடுக்கு வைத்தால் கார்ட்டூன். இறக்குவது வேறு கதை. -12 இறக்கினால் பெண் குரல், பின்னால் ஆண்கள் கோஷ்டி நிற்பது மாதிரி ஆகும், எனக்கு ரொம்பப் பிடித்த ஒலி அது. மந்திர பஞ்சமம் வேண்டும் என்றால் -5. இங்கே கவனம்: மேலே +7 என்பதால் கீழேயும் -7 என்று கை போகும். -7 இறக்கினால் வருவது மந்திர மத்தியமம், மோகனத்துக்கு அந்நியம். -5-இல் வேகம் முக்கால் ஆகிறது, எட்டுத் தட்டு லூப் 6.4 விநாடிக்கு நீளும். பழையது நாலு, புதியது மூன்று சுற்று ஓடி 19.2 விநாடி கழித்துத்தான் சந்திக்கும். அவ்வளவு நேரம் சபை கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காது. நீளமாகப் பிடித்த 'ச' ஒன்றை மட்டும் இறக்கி, ஆதார சுருதி மாதிரி அடியில் விட்டுவிடுங்கள்.

பஞ்சமமே இல்லாத ராகம் என்றால் +7-ஐ மறந்துவிட வேண்டியதுதான். ஹிந்தோளத்துக்கு +5. ச போய் ம ஆகும், க போய் த, ம போய் நி, நி போய் மேல் க. நாலும் ராகத்துக்குள்ளேயே. த மட்டும் ரி ஆகிவிடும், லூப்பில் அதைப் பாடாதீர்கள். வேகம் நாலுக்கு மூன்று என்பதால் 4.8 விநாடி லூப் 3.6 ஆகிறது, சந்திப்பு நீளம் 14.4 விநாடி. கருவியின் +5, சுத்த மத்தியமத்தைவிட இரண்டு சென்ட் கூடுதல், அதனால் இங்கே ஏற்றியது பிந்தாமல் முந்தும். ரவானை +5 ஏற்ற வேண்டாம். மூன்று தட்டுக்கு நாலு என்று வந்து, சேகாவின் இரண்டு தட்டு பாரின் சமத்தை மறைத்துவிடும். ஆடுகிறவர்கள் கால் வைக்க இடம் தேடுவார்கள். குரலை மட்டும் ஏற்றுங்கள்.

தோல், ஈரம், கரண்ட்

ரவானை வாசிக்கும் முன் நெருப்பில் காட்டித் தோலை இறுக்குவார்கள். ஓட்டல் மேடையில் நெருப்புக்கு அனுமதி கிடையாது. தோந்தோன் வெளியே மணலில் காய்ச்சிக்கொண்டு ஓடி வருவார். ஜனவரி, பிப்ரவரியில் கடல் காற்றில் ஈரம் அவ்வளவு இருக்கும், காய்ச்சிய தோல் பாட்டுக்கு நடுவிலேயே தளர ஆரம்பிக்கும். ஒலி மெல்ல மெல்ல இறங்கும். லூப் மட்டும் பதிந்த இடத்திலேயே நிற்கும். அதனால் மாலை சவுண்ட் செக்கில் பதிந்த ரவானை இரவு நிகழ்ச்சிக்கு வைத்துக்கொள்வதில்லை. காய்ச்சி வந்ததும் முதல் வேலை லூப் பதிவது, ஒவ்வொரு பாட்டுக்கும் புதிதாக. ஏற்றிய லூப்புக்கு இது இன்னும் முக்கியம். தளர்ந்த தோலை ஏற்றினால் நடு அடிக்கும் ஓர அடிக்கும் வித்தியாசமே தெரியாது. செயற்கைத் தோல் ரவானும் இப்போது கிடைக்கிறது, இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஏற்றிக் கேட்டால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

ரவானுக்கு எஸ்எம்57 மாதிரி சாதாரண டைனமிக் மைக் போதும். விளிம்புப் பக்கம், ஒரு சாண் தள்ளி. எஸ்பி-404 எம்கே2-இன் மைக் உள்ளீடு சாதாரணக் கால் அங்குல ஜாக், கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் அதில் வராது. நாங்கள் மைக் எல்லாவற்றையும் மிக்சருக்குக் கொடுத்து, மிக்சரின் ஆக்ஸ் (வேண்டிய சேனலை மட்டும் தனியாக வெளியே அனுப்பும் வழி) மூலம் சாம்ப்ளரின் லைன் உள்ளீட்டுக்கு அனுப்புகிறோம். எதைப் பதிய வேண்டுமோ அந்தச் சேனலின் ஆக்ஸை மட்டும் திறந்தால் போதும். சாம்ப்ளர் திரும்பி வரும் சேனலின் ஆக்ஸ் எப்போதும் பூஜ்யத்தில். அது திறந்திருந்தால் சாம்ப்ளர் தன்னையே கேட்டுக்கொண்டு ஊளையிடும்.

ஸ்பீக்கரில் ஓடும் லூப் திறந்த மைக்கில் புகுந்து மறுபடி பதிவாவது இன்னொரு தலைவலி. ஸ்பீக்கர் 3 மீட்டர் தள்ளி இருந்தால் அந்த ஒலி சுமார் 9 மில்லிசெகண்ட் தாமதமாக மைக்குக்கு வருகிறது. இரண்டும் கலந்தால் ஒலி குழாய்க்குள் இருந்து வருவது மாதிரி ஆகிவிடும். அடுக்கு ஏற ஏற அது பெருகும். பதியாத நேரத்தில் மைக் மூடியிருக்கட்டும். நான் கேட்பது ஹெட்ஃபோனில், முன்னால் மானிட்டர் வைத்துக்கொள்வதில்லை.

கரண்ட் இரைச்சலைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. சுருதி ஏற்றும் லூப்பில் அது வெறும் இரைச்சல் இல்லை, சுரம். மொரிஷியஸில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், இந்தியாவிலும் அதேதான். என் 5 கட்டை ஸட்ஜத்தைக் கீழே கீழே கொண்டுபோனால் 49 ஹெர்ட்ஸில் நிற்கும். கரண்ட் இரைவது 50-இல். 35 சென்ட் கூடுதல். சரியாகச் சேராத ஒரு ஸட்ஜம் அடியில் முனகிக்கொண்டே இருக்கும். லூப்பை +7 ஏற்றினால் அதுவும் கூடவே ஏறி, சேராத பஞ்சமமாக 75-இல் நிற்கும். இப்போது இரண்டு அபசுரம்.

சாம்ப்ளரை பேட்டரியில் ஓட்டுங்கள். என்னுடையது ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும். கரண்ட் வழியாக மிக்சரோடு உண்டாகும் எர்த் லூப் அதோடு போய்விடும். குரல் மைக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், பெண் குரலுக்கு அங்கே ஒன்றும் இல்லை. ரவானில் வெட்டாதீர்கள். எங்கள் ஊர் மேடைகளில் பிரிட்டிஷ் மூன்று முனை சாக்கெட்டும் பிரெஞ்சு இரண்டு முனை சாக்கெட்டும் கலந்து கிடக்கும். மாற்றி மாற்றி அடாப்டர் செருகுவதில் எங்கேயோ எர்த் அறுந்துபோகும், இரைச்சல் அங்கிருந்தும் வரும். மிக்சர், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே எர்த் உள்ள சாக்கெட்டிலிருந்து எடுங்கள். இரைச்சலைப் போக்குகிறேன் என்று எர்த் முனையைப் பிடுங்கும் வேலை மட்டும் கூடவே கூடாது, மைக்கில் வாய் வைக்கிறவள் நான்.

மேடையில் கை போகும் வரிசை

மோகனத்தில் ஒரு பாட்டு நான் எப்படிக் கட்டுகிறேன் என்று சொல்கிறேன்.

தோந்தோன் தனியாக ஆரம்பிப்பார். முதல் இரண்டு சுற்று வெறுமனே கேட்பேன், அவர் எந்த வேகத்தில் உட்காருகிறார் என்று. மூன்றாவது சுற்றின் சமத்தில் முதல் பேடில் பதிவு. எட்டுத் தட்டு முடிந்ததும் லூப் ஓட ஆரம்பிக்கும், அவர் விடாமல் மேலே வாசித்துக்கொண்டே இருப்பார். அவர் நிறுத்தினால் லூப் இருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அடுத்தது +7. இதைச் சமத்தில்தான் நுழைக்க வேண்டும். கை தட்டும் நேரத்தை "தகிட தகிட" சொல்லியே பிடிக்கிறேன், திரையைப் பார்ப்பதில்லை. நுழைந்ததும் ஒரு சந்திப்பு முழுக்கக் கேட்கவிடுங்கள். அவசரப்பட்டு அடுத்த அடுக்குக்குப் போனால் மூன்றுக்கு இரண்டு ஏறியதே சபைக்குத் தெரியாமல் போய்விடும். அடுத்த சந்திப்பில் ரீசாம்பிள், ஐந்தாம் பேடுக்கு. அது முடிந்து ஓட ஆரம்பித்த சமத்திலேயே ஒன்றாம் பேடையும் ஏற்றியதையும் நிறுத்திவிட வேண்டும். அந்த ஒரு நொடியில் மூன்று விரல் வேலை. வீட்டில் சத்தமில்லாமல், வெறும் பேடில் தட்டிப் பழகுங்கள்.

சத்தத்தின் அளவு பற்றிச் சுருக்கமாக: ஒரே அளவுள்ள இரண்டு வேறு வேறு ஒலி சேர்ந்தால் 3 டெசிபெல் கூடும். அதே லூப், அதே சுருதியில், ஒரே நேரத்தில் இரண்டு முறை ஓடினால் 6 கூடும். ரீசாம்பிள் எடுக்கும் முன் பேட்களை இறக்கிவிட்டு எடுங்கள். டிஜிட்டலில் உச்சியைத் தொட்டு உடைந்த ஒலி திரும்ப வராது. எஃபெக்டும் அப்படித்தான், ரிவெர்ப் போட்டு ரீசாம்பிள் செய்தால் அது உள்ளேயே இறுகிவிடும். ரிவெர்ப்பை மிக்சரில் வையுங்கள்.

பிறகு குரல். "ச ரி ப, த ப" இரண்டாம் பேடில், எட்டுத் தட்டு. ஏற்றியது மெல்லிய சத்தத்தில். -12 இறக்கியது இன்னும் மெல்ல. இதற்கு மேல் அடுக்க மாட்டேன், இனி நேரடியாகப் பாட்டு. ஏற்றிய ரவானை மறுபடி ஏற்றிப் பார்க்க ஆசை வரும். ஒன்றரையின் ஒன்றரை, இரண்டேகால் மடங்கு. தோல் போய் வெறும் 'டிக் டிக்' மிஞ்சும், மராவான் குலுக்குவதற்குப் பக்கத்தில் வந்துவிடும். மராவான்காரர் வராத இரவுகளில் அதைச் செய்வேன். வந்திருக்கும்போது செய்தால் அவருக்குக் கோபம் வரும், நியாயம்தான்.

முடிக்கும்போது கடைசியாக நுழைந்தது முதலில் வெளியே போகட்டும் என்று சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது, ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டு போவதாக ஆகிவிடும். ஏற்றியது மட்டும் நிற்கும்படி மற்றதை எல்லாம் ஒரு சந்திப்பில் ஒரே தட்டில் நிறுத்துவேன். அதற்காகவே ஏற்றிய ரவானைத் தனியாக ஒரு பேடில் வைத்திருக்க வேண்டும், ரீசாம்பிளில் கலந்தது இதற்கு உதவாது. இப்போது சபையின் காதில் 'தக தக தக'வே தட்டாக மாறிவிடும், பாட்டு ஒன்றரை மடங்கு வேகத்துக்கு வந்துவிட்டது. தோந்தோன் அந்தப் புதிய வேகத்தில், நிமிடத்துக்கு 150-இல், ரவானை எடுப்பார். நான் லூப்பை நிறுத்துவேன். கடைசிச் சரணம் இயந்திரம் இல்லாமல், கையும் குரலும் மட்டும்.

அடுத்த பாட்டு ஹிந்தோளம் என்றால், தோந்தோன் தோல் காய்ச்ச வெளியே போகும் இடைவெளியில் குரல் பேட்களை அழித்துவிடுங்கள். இருட்டில் கை தவறி மோகனத்தின் பஞ்சமம் ஒன்று உள்ளே விழுந்தால், அன்றைக்கு ஹிந்தோளம் அவ்வளவுதான்.